ஸ்டீலா, கூடுதல் பேஸா? மேசை பேஸ்பாலில் வேகத்தை எங்கே செலவழிப்பது

குற்றாலச் சாரல் பிடித்துவிட்டால் செங்கோட்டை, புளியரை பக்கம் மைதானத்தில் கால் வைக்க முடியாது. அட்டையும் பகடையும் வைத்து பேஸ்பால் ஆடுகிறவர்களுக்கு அதுதான் சீசன். அணி பிரிக்கும்போது வரும் தகராறு ஒன்றுதான்: ஸ்டீலில், அதாவது அடி விழாமலே அடுத்த பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய இடத்துக்கு) நழுவி ஓடுவதில் கெட்டிக்காரரை எடுப்பதா, அடி விழுந்ததும் வழக்கத்துக்கு மேல் ஒரு கூடுதல் பேஸ் ஓடுகிறவரை எடுப்பதா? என் ஓட்டு இரண்டாமவருக்கு.

1961 முதல் வரும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற அட்டை-பகடை பேஸ்பாலின் அட்வான்ஸ்டு ஆட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு உண்டு. ஸ்டீல் மதிப்பை மட்டும் பார்த்து ஆளை வாங்கிவிட்டு, ஓட்டம் சுமார் என்று பிறகு தெரிந்து விழிப்பவர்கள் அதிகம்.

ஸ்டீலின் கணக்கு எளிது. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் தொடரான மேஜர் லீக் சராசரிப்படி, அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் அந்த இன்னிங்ஸில் ஏறக்குறைய 0.86 ரன் வரும். இரண்டாம் பேஸுக்குப் போனால் 1.10. பிடிபட்டால் 0.25. லாபம் 0.24, நட்டம் 0.61. நூற்றுக்கு 72 தடவை தப்பினால்தான் முதலுக்கு மோசமில்லை. 1982-இல் 130 ஸ்டீல் எடுத்த ரிக்கி ஹெண்டர்சனே 42 முறை பிடிபட்டார். அதாவது 76 சதவீதம்.

கூடுதல் பேஸில் நிலைமை வேறு. ஓடுவதற்கு முன்பே வாய்ப்பு எவ்வளவு என்று எண்ணிவிடலாம். இரண்டாம் பேஸில் ஓட்ட மதிப்பு 14 உள்ளவர் நிற்கிறார், சிங்கிள் (அடித்தவர் முதல் பேஸ் சேரும் அடி) விழுகிறது, பந்தை எடுக்கும் அவுட்ஃபீல்டரின் (வெளி வட்டத்தில் நிற்கும் ஃபீல்டரின்) கை, அதாவது எறியும் திறனின் மதிப்பு, -3. மிச்சம் 11. இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் ஹோம் சேர்ந்தார், ஒரு ரன். இரண்டு அவுட் ஆகியிருந்தால் 2 கூட்டி 13.

தீர்மானிப்பது அவுட் எண்ணிக்கைதான். அவுட் இல்லாதபோது மூன்றாம் பேஸில் நிறுத்தினாலே அடுத்தவர்கள் தூக்கி அடிக்கும் ஒரு பந்தில், அது கேட்ச் ஆனாலும், அவர் ஓடி வந்துவிடுவார். அதனால் 19 இருந்தால்தான் அனுப்பலாம். 11-ஐ அனுப்புவது ரன்னைத் தானம் செய்வது. இரண்டு அவுட் ஆனபின் அந்த வழி அடைபட்டுவிடும்; கேட்ச் பிடித்தால் மூன்றாவது அவுட், இன்னிங்ஸே முடிந்தது. அப்போது 8 இருந்தாலே போதும், 13-ஐ யோசிக்காமல் அனுப்புங்கள். கிரிக்கெட்டில் கடைசி பந்துக்கு இரண்டாவது ரன் ஓடுவது போலத்தான். ஆட்டம் சூடானதும் பலர் தடுமாறுவது இங்கேதான்: ஆளின் வேகத்தைப் பார்ப்பார்கள், அவுட்டை எண்ண மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஓட்டக்காரருக்குப் பின்னால் சிங்கிள் அதிகம் அடிப்பவரை வையுங்கள். ஹோம் ரன் அடிப்பவர் வந்தால் நடந்தே வரலாம், வேகம் வீண். கடைசி இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் தேவை என்றால் மட்டும் ஸ்டீலுக்கு மதிப்பு கொஞ்சம் கூடும்.

கம்ப்யூட்டரில் ஆடும் அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பாலில் உள்கணக்கு திரையில் தெரியாது. இந்த 8, 19 அங்கே அப்படியே செல்லும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் ஸ்பீடு, ஸ்டீலிங், பேஸ்ரன்னிங் மூன்றும் தனித்தனி. ஸ்பீடை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொட்டாமல் பேஸ்ரன்னிங்கையும் பார்த்து எடுங்கள்.