ஏரிக்கரையா, பேருந்து நிலையத்தின் பின்புறமா: புதிய ரயில் நிலையத்துக்கு ஏற்ற இடம் எது?

எங்கள் புறநகர்ப் பகுதிக்குப் புதிய ரயில் நிலையம் கேட்டுக் குடியிருப்போர் நலச் சங்கம் மனு தயாரித்தபோது, இடத்தைப் பற்றி இரண்டு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிக் கிடக்கும் அரசுப் புறம்போக்கு நிலம். மற்றொன்று, பேருந்து நிலையத்தின் பின்புறம், வீடுகளும் கடைகளும் நெருங்கியிருக்கும் இடம். நான் இரண்டாவதை ஆதரித்துக் கையெழுத்திட்டேன். அதற்கான காரணங்களையும், எதிர்த்தரப்பில் நியாயமாகப் பட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

பொறியியல் நிபந்தனைகளைப் பொறுத்தவரை இரண்டு இடங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நிலைய வளாகத்தில் பாதையின் சரிவு 400க்கு 1 (400 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம் அல்லது இறக்கம்) என்பதைத் தாண்டக் கூடாது, 1200க்கு 1 என்ற அளவே விரும்பத்தக்கது என்பது இந்திய ரயில்வேயின் விதி; நடைமேடை வளைவில் அமையாமல் இருப்பது நல்லது. இரு இடங்களிலும் தண்டவாளம் நேராகவும் ஏறக்குறைய சமதளத்திலும் செல்கிறது. செலவில் ஏரிக்கரைதான் மலிவு என்பதிலும் ஐயமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: வீட்டிலிருந்து புறப்படும் ஒருவர் நடைமேடைக்கு எப்படி வந்து சேர்வார்? மின்சார ரயில் காற்றைக் கெடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, அதைப் பிடிக்க ஒவ்வொருவரும் இருசக்கர வாகனத்தில் மூன்று கிலோமீட்டர் போக வேண்டிய இடத்தில் நிலையத்தை வைத்தால், சாலையில் குறைய வேண்டிய வாகனங்கள் நிலையத்து வாசலில் போய்ச் சேரும். அவற்றை நிறுத்தவே பெரிய திடல் வேண்டும். அந்தத் திடலும் ஏரிக்கரை நிலத்தைத்தான் விழுங்கும்.

சென்னையில் பெரும்பாலும் உயர்த்திக் கட்டிய பாதையில் ஓடும் பறக்கும் ரயில் இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் நீண்ட அந்தப் பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலாகவும் செல்கிறது. அரசு நிலம் என்பதால் வீடுகளை இடிக்கும் தேவை வெகுவாகக் குறைந்தது. அதற்கு ஈடாகக் கால்வாய்க்குள்ளேயே தூண்கள் இறங்கின. மழைநீர் வடிய வேண்டிய வழி ஒடுங்கியது. நிலையங்களும் மக்கள் கூடும் இடத்தைத் தேடிப் போகாமல், கால்வாய் போன போக்கில் அமைந்தன. பல நிலையங்களில் மண்டபம் போன்ற பெரிய கட்டடங்கள் எழும்பின, ஆனால் அவற்றுக்கு ஏற்ற கூட்டம் வரவில்லை. அதே பாதையில் திருவான்மியூர் நிலையம் காலையிலும் மாலையிலும் நிரம்பி வழிவதற்குக் காரணம், டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் ராஜீவ்காந்தி சாலையும் அதன் வாசலிலேயே இருப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். ரயிலும் கட்டணமும் ஒன்றாக இருக்கும்போது, இத்தனை வேறுபாட்டுக்கு வேறு என்ன காரணம் சொல்ல முடியும்?

சென்னையின் தெற்கே உள்ள கிளாம்பாக்கத்திலும் இதே பாடம் வேறு வடிவில் கிடைக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று அங்கே பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, கூப்பிடு தூரத்தில் தண்டவாளம் இருந்தும் ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, பெட்டியோடும் குழந்தையோடும் ஜி.எஸ்.டி. சாலையில் இன்னொரு வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. முனையத்தின் இடத்தை முடிவு செய்தபோதே ரயில் நிலையத்தையும் நடைமேம்பாலத்தையும் சேர்த்துத் திட்டமிட்டிருந்தால், முதல் நாளிலேயே பயணிகளில் ஒரு பகுதியினராவது சாலையை விட்டு ரயிலுக்கு வந்திருப்பார்கள். மக்களின் பயணப் பழக்கம் தொடக்க மாதங்களில்தான் உருவாகிறது. அப்போது ஷேர் ஆட்டோவுக்குப் பழகியவரைப் பிறகு திருப்பிக் கொண்டுவருவது எளிதன்று.

ஊருக்கு வெளியே அமைத்தால் நிலையத்தைச் சுற்றி ஊர் தானாக வளரும் என்ற வாதத்தைச் சங்கத்தில் பலர் முன்வைத்தார்கள். அதற்கு அவர்கள் காட்டக்கூடிய வலுவான சான்று ஜப்பானின் ஷின்-யோகோஹாமா. 1964இல் வயல்களுக்கு நடுவே திறக்கப்பட்ட அந்த அதிவேக ரயில் நிலையத்தைச் சுற்றி இன்று அலுவலகங்கள் நிறைந்திருக்கின்றன. ஆனால் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த யோகோஹாமா பாதையை அதிவேகப் பாதை கடக்கும் இடத்தில் அமைந்தது என்பதையும், 1985இல் நகரச் சுரங்க ரயில் அங்கே வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தைவானின் தைனான் நகரில் 2007இல் அதிவேக ரயில் வந்தபோது நிலையம் நகரத்துக்கு வெகு தொலைவில் இருந்தது. அதை நகரோடு இணைக்க 5 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கிளைப் பாதை ஒன்று தனியாகக் கட்டப்பட்டு, 2011 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இடத்தில் மிச்சப்படுத்திய தொகையில் ஒரு பங்கு இப்படி இணைப்புச் செலவாகத் திரும்பி வருவதை எங்கள் ஊர்க் கணக்கிலும் எழுதியாக வேண்டும்.

நான் ஆதரித்த இடத்துக்கும் கடுமையான குறை ஒன்று உண்டு. பறக்கும் ரயில் பாதையின் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீட்டிப்பு, ஆதம்பாக்கம் பகுதியில் நிலம் எடுப்பதில் எழுந்த பிணக்குகளால் பல ஆண்டுகள் தேங்கி நின்றது. பேருந்து நிலையத்தின் பின்புறமும் வீடுகளையும் கடைகளையும் எடுக்க நேரும். அங்கே வாடகைக்குக் கடை நடத்துபவர்களுக்கு உரிமையாளருக்குக் கிடைக்கும் அளவு இழப்பீடு கிடைக்காது என்ற அச்சம் ஆதாரமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிலம் எடுப்பு விவகாரத்தில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. எனவே எத்தனை ஆண்டுகளில் முடியும் என்று நான் யாருக்கும் உறுதி கூறவில்லை. ஏரிக்கரையின் வெள்ள ஓட்டத்தைப் பற்றியும் ஒவ்வோர் ஐப்பசியிலும் அங்கே தண்ணீர் தேங்குவதைப் பார்த்தவன் என்ற அளவிலேயே பேசுகிறேன். மண்ணைக் கொட்டி மேடாக்கினால் அந்த நீர் எந்தத் தெருவுக்குள் புகும் என்பதை நீரியல் அறிந்தவர்கள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

எனவே, மனுவில் இடத்தோடு நான்கு கோரிக்கைகளையும் சேர்க்கச் சொன்னேன். நடைமேம்பாலம் தண்டவாளத்தின் இரு பக்கத் தெருக்களிலும் இறங்க வேண்டும்; அதில் மின்தூக்கி இருக்க வேண்டும்; பேருந்து நிற்குமிடத்திலிருந்து பயணச்சீட்டு சாளரம் வரை கூரையிட்ட நடைபாதை வேண்டும்; கடையை இழக்கும் வாடகைதாரர்களுக்கு நிலைய வளாகக் கடைகளில் முன்னுரிமை தர வேண்டும். முதல் மூன்றையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நான்காவது நீண்ட வாதத்துக்குப் பிறகே மனுவில் இடம்பெற்றது.