அலமாரியின் முதுகில் மயில்கழுத்து நிறம்: மூன்று சாரல் பார்த்த பிறகு

செங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், மேற்குச் சுவரோடு சேர்த்துக் கட்டிய புத்தக அலமாரி ஒன்று உண்டு. 6 அடி உயரம், 4 அடி அகலம், கடப்பா கல் தட்டுகள், கதவு கிடையாது. 2022 மார்ச்சில் அதன் பின்சுவருக்கு மட்டும் மயில்கழுத்து நிறம் அடித்தோம். மற்ற சுவரெல்லாம் பழைய சந்தன நிறமே.

முன்பெல்லாம் வெளிர் சுவரில் கறுப்புக் கல் ஏணிப்படி மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். இப்போது கல் பின்னால் அடங்கிவிட்டது, புத்தகங்கள்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் தட்டு நிறைய அடுக்கினால் அடித்த நிறம் துளிகூடத் தெரியாது. "இதுக்கா ரெண்டு நாள் வீட்டைக் கலைச்சுப் போட்டீங்க?" என்று வீட்டில் கேட்டாள். நியாயமான கேள்வி. பழைய கைடுகளைப் பரணில் ஏற்றி, காலியான இடத்தில் பாட்டியின் பித்தளைச் செம்பை வைத்ததும்தான் செலவுக்கு அர்த்தம் வந்தது.

நான்காம் நாளே புத்தகங்களை அடுக்கியது என் அவசரம். கைக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் எமல்ஷன் உள்ளே இறுக மூன்று நாலு வாரம் பிடிக்கும். சுவரோடு ஒட்ட வைத்திருந்த அகராதியை ஒரு மாதம் கழித்து இழுத்தேன். சர்ரென்று சத்தம். தாளின் ஓரம் பிய்ந்து, சுவரில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. இரண்டாவது தட்டில் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து எந்தப் புத்தகத்துக்கும் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விடுகிறேன். காற்றோட்டம் இருப்பதால் இராமபாணப் பூச்சியும் குறைந்திருக்கிறது.

பெரிய பாடு ஜூனில் வந்தது. ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் சாரல் நேரே எங்கள் மேற்குச் சுவரில்தான் அறையும். அலமாரிக்குப் பின்னால் இருப்பதோ வெறும் நாலரை இஞ்ச் சுவர். ஜூலைக் கடைசியில் கீழ்த்தட்டில் பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து நின்றது. நகத்தால் தொட்டேன், உடைந்து உள்ளிருந்து உப்பு மாவாகக் கொட்டியது. ஓதம் முன்பும் இருந்திருக்கும். சந்தன நிறத்தில் உப்புப் பூத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? அடர் நிறம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

உடனே ஒரு கோட்டு அடித்து மூடிவிடலாம் என்றேன். பெயிண்டர் கேட்கவில்லை. "உள்ளே என்ன அடிச்சாலும் நிக்காது அண்ணாச்சி. தண்ணி வெளியே இருந்துல்லா வருது" என்றார். 2023 ஏப்ரல் வெயில் வரை காத்திருந்து, வெளிப்பக்க வெடிப்புகளை அடைத்து, நீர்க்காப்புப் பூச்சு அடித்தோம். உள்ளே சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, பிரைமரும் இரண்டு கோட்டு எமல்ஷனும். அதன் பிறகு இரண்டு சாரல் போய்விட்டது. இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மறுபடி பூக்கிறது. அங்கே ஒரு பிரம்புக் கூடையை வைத்துவிட்டேன்.

நீங்கள் அடிப்பதானால், முதலில் அது வெளிச்சுவரா, வீட்டுக்குள் இருக்கும் சுவரா என்று பாருங்கள். உள்சுவர் என்றால் இவ்வளவு பாடு இருக்காது. நிறத்தைக் கடை வெளிச்சத்தில் முடிவு செய்ய வேண்டாம். ஓர் அட்டையில் அடித்து ராத்திரி அலமாரிக்குள்ளேயே சாய்த்து வையுங்கள். எங்கள் மயில்கழுத்து டியூப்லைட்டில் மயில்கழுத்து, மஞ்சள் பல்பில் கரும்பச்சை.

1 லிட்டர் டப்பாவில் பாதிகூட முடியவில்லை. மிச்சம் அடுத்த வருஷத்துக்குள் கட்டிதட்டிப் போனது, மூடியில் ஒட்டியிருந்த நிற எண்ணும் அழிந்துவிட்டது. போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். கடையில் கண்ணால் பார்த்துக் கலந்து தந்ததில், கீழ்த்தட்டு மட்டும் ஒரு நூல் வெளிறல். வீட்டுக்கு வருகிற யாருக்கும் அது தெரிவதில்லை, புனலூரிலிருந்து வரும் மதினியைத் தவிர.