அட்டை விமானம்: எந்தப் பாகத்துக்கு எந்தப் பொருள்?

அட்டைப்பெட்டியை வெட்டி ஆர்.சி. விமானம் (ரேடியோ அலையால் தரையிலிருந்து இயக்கும் மாதிரி விமானம்) செய்தால் பறக்குமா என்ற சந்தேகம் இனி வேண்டாம். ஆஸ்திரேலியாவின் சைபாக் நிறுவனம் மெழுகேற்றிய அட்டையில் செய்த ட்ரோன்கள் 2023-இல் உக்ரைன் போர்முனைக்கே போயின. தட்டையான பொட்டலமாக வந்து சேரும் பாகங்களை ரப்பர் வளையங்களின் உதவியோடு பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே, பறக்கும். எவ்வளவு நிதானமாகப் பறக்கும், விழுந்தால் எதை இழப்போம் என்பவைதான் கேட்க வேண்டியவை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நெளி அட்டை, ஃபோம் போர்டு (இரு காகிதங்களுக்கு நடுவே ஃபோம்), தெர்மோகோல், பால்சா என்ற இலேசான மரம், நெளி பிளாஸ்டிக் ஆகியவற்றை எடை போட்டால், முழு விமானத்தையும் ஒரே பொருளில் செய்ய நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று தெரியும்.

முதலில் மலிவு பற்றி. மோட்டார், அதன் வேகக் கட்டுப்படுத்தி, சர்வோக்கள் (திருப்பும் தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டார்கள்), ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சார்ஜர் ஆகியவை எந்தப் பொருளில் செய்தாலும் மாறாத செலவு. அட்டை இலவசமாகவே கிடைத்தாலும் மொத்தத் தொகையில் அது மிச்சப்படுத்துவது சொற்பம். பழைய பொம்மைக் காரின் மோட்டாரைக் கழற்றிப் பொருத்தும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. அரைக் கிலோ அட்டையை அது தூக்காது. 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) அளவுள்ள 2212 வகை பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் கட்டுப்படுத்தி, 9 அல்லது 10 அங்குல ப்ரொப்பெல்லர், மூன்று செல் பேட்டரி என்பது பலரும் தொடங்கும் கூட்டணி. ஏறக்குறைய 700 முதல் 800 கிராம் வரை இழுவிசை தரும். இரண்டு 9 கிராம் சர்வோ, ரிசீவர், 1300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, கம்பிகள் எல்லாம் சேர்த்து 250 கிராமுக்குள் அடக்கிவிடலாம். அட்டையின் மலிவு உதவுவது அடுத்த கட்டத்தில்: விழுந்து நொறுங்கிய உடலிலிருந்து இவற்றைக் கழற்றி, ஒரே மாலையில் வெட்டிய புது உடலில் மாட்டிவிடலாம். முதல் விமானம் விழத்தான் செய்யும் என்பதால் இது சின்ன வசதி இல்லை.

இறக்கையில் அட்டை தோற்கும் கணக்கு

100 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் கொண்ட சாதாரணப் பயிற்சி இறக்கையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 20 சதுர டெசிமீட்டர். மேல்தோல், கீழ்த்தோல் இரண்டையும் ஒரே தாளிலிருந்து மடித்துச் செய்தால் 0.4 சதுர மீட்டர் தாள் தேவை. 4 மி.மீ. பெட்டி அட்டை சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிராம் இருக்கும். இறக்கை மட்டும் 200 கிராம். இலேசான ரக 5 மி.மீ. ஃபோம் போர்டு சுமார் 300 கிராம் என்பதால் அதில் 120 கிராம். டெப்ரான் என்ற, காகிதம் ஒட்டாத 6 மி.மீ. ஃபோம் தாளில் 80 கிராம் அளவில் முடிந்துவிடும். ஃபோம் போர்டு என்ற பெயரில் விற்கப்படும் கனத்த ரகங்கள் அட்டையின் எடையையே தொட்டுவிடும். எனவே பெயரை நம்பாமல் ஒரு தாளைத் தராசில் வைத்துப் பார்த்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

வாலும் உடலும் சேரும்போது இடைவெளி இன்னும் விரியும். முழு அட்டை விமானம் 650 கிராம், அதே அளவு ஃபோம் விமானம் 500 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். எடை 30 சதவீதம் கூடினால், காற்றில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 14 சதவீதம் கூடும், ஏனென்றால் அது எடையின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. மோதும் ஆற்றலோ எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியது. ஆகவே 70 சதவீதத்துக்கு அருகில் போகிறது. புதிதாகக் கற்பவரின் கைக்கு யோசிக்கும் நேரம் குறைகிறது, தரைக்கு அடி அதிகமாகிறது. "அட்டை உறுதியானது, அதனால் தாங்கும்" என்ற வாதம் இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

வாலில் நிலைமை இன்னும் மோசம். எடை மையத்திலிருந்து (விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி) வால் இருக்கும் தூரம், மூக்கு இருக்கும் தூரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் சுமந்து ஈடுகட்ட வேண்டும். 15 கிராம் அதிக எடையுள்ள அட்டை வால் கடைசியில் 60 கிராமாகக் கணக்கில் ஏறும். வாலுக்கு மட்டுமாவது ஃபோம் போடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அட்டையில்தான் இறக்கை என்று தீர்மானித்தவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. இரட்டைத் தோலை விட்டுவிட்டு ஒற்றைத் தோலுக்கு வர வேண்டும். அட்டையின் ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தெடுத்தால், மிஞ்சும் அட்டை நெளிவரிகளுக்குக் குறுக்கே அழகாக வளையும். அதை இறக்கைக்கு வடிவம் தரும் மூன்று நான்கு குறுக்குத் தகடுகளின் (விலா எலும்புகள்) மேல் வளைத்து ஒட்டி, ஒரு மரச்சட்டத்தை நீளவாக்கில் கொடுத்தால் நல்ல மேடுள்ள இறக்கை கிடைக்கும்; தாளின் எடை 100 கிராமுக்குக் கீழே வந்துவிடும். க்ளைன், ஃபோகல்மேன் என்ற இருவர் காகித விமானத்திலிருந்து வளர்த்து 1972-இல் காப்புரிமை பெற்ற படிக்கட்டு வடிவ இறக்கையும் உண்டு. தாளின் மேல், அதன் பாதி அகலத்துக்கு, இன்னொரு தாளை ஒட்டினால் போதும், விலா எலும்பே வேண்டாம். ஃபோமில் அருமையாக வரும். அட்டையில் செய்தால் அந்த இரண்டாவது தாளின் எடை உறுத்தும்.

எந்த முறையானாலும் நெளிவரிகள் இறக்கையின் நீளத்தோடு ஓட வேண்டும். வரிகளின் போக்கிலேயே அட்டை சுலபமாக மடிந்துவிடும். குறுக்கே மடிக்க அத்தனை வரிகளையும் நசுக்க வேண்டும். வரிகள் தவறான திசையில் போனால் முதல் கூர்மையான திருப்பத்திலேயே இறக்கை புத்தகம்போல் மூடிக்கொள்ளும்.

உடலுக்கு வந்தால் கதை வேறு

உடற்பகுதி ஒரு நீண்ட பெட்டி. பெட்டியாவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அட்டை. இரண்டு மெல்லிய தோல்கள், நடுவே அவற்றை விலக்கி வைக்கும் இலேசான உள்ளீடு என்ற அமைப்பு அதன் பலம். இரண்டாம் உலகப்போரின் மாஸ்கிட்டோ விமானம் பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் சாதித்ததும் இதே தத்துவத்தில்தான். காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டும் அதே குடும்பம். ஆனால் பேட்டரியை அடிக்கடி எடுத்து மாட்டும் இடத்திலும், இறக்கையை ரப்பர் வளையங்களால் கட்டும் குச்சிகள் நுழையும் துளையிலும் ஃபோம் நசுங்கித் தளர்ந்துவிடும். அட்டை அங்கே நின்று பிடிக்கிறது. மோட்டாரை மட்டும் நேரடியாக அட்டையில் திருகக் கூடாது, 3 மி.மீ. ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று முகப்பில் வேண்டும். உடல் எடை மையத்தைச் சுற்றியே இருப்பதால் அங்கே கூடும் சில கிராம்கள் வால் அளவுக்குத் தண்டிப்பதில்லை.

ஒட்டுவதிலும் அட்டைக்குத்தான் முதலிடம். வெள்ளைப் பசை, சூடான பசை, சூப்பர் க்ளூ எதையும் ஏற்றுக்கொள்ளும். சாதாரண சூப்பர் க்ளூவும் பல ஸ்ப்ரே பெயின்டுகளும் தெர்மோகோலையும் டெப்ரானையும் கரைத்துக் குழியாக்கிவிடும். சூடான பசை அவசரத்துக்கு நல்லது, எடைக்குக் கெட்டது. தாராளமாக ஊற்றினால் விமானம் முழுக்க 40, 50 கிராம் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

ஈரம்தான் அட்டையின் எமன். மழை வேண்டியதில்லை, காலைப் பனியில் நனைந்த புல்லில் ஒருமுறை இறங்கினாலே கீழ்ப்பகுதி துவளும். காற்றில் ஈரப்பதம் மிகும் நாட்களில் அட்டையின் உறுதி பாதிவரை குறையக்கூடும். பேக்கிங் டேப்பால் முழுவதும் மூடலாம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 கிராம் விலை கொடுக்க வேண்டும். உடலின் அடிப்பகுதிக்கும் வெட்டிய ஓரங்களுக்கும் மட்டும் டேப் போட்டால் போதும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் திறந்திருக்கும் நெளிவுகளின் வாயில்தான்.

மற்ற மூன்றும்

பொருள்களைப் பொதிந்து வரும் தெர்மோகோலை யாரும் மதிப்பதில்லை. சூடான கம்பியால் அறுத்துச் செய்த 100 செ.மீ. இறக்கை 65 கிராம் அளவில் முடியும், அதுவும் உண்மையான ஏரோஃபாயில் (முன்னே தடித்துப் பின்னே மெலியும் இறக்கை) வடிவத்தோடு. அதன் குறை, சட்டமும் டேப்பும் இல்லாவிட்டால் பட்டென்று ஒடியும் என்பது. கம்பியை இருபுறமும் ஒரே வேகத்தில் இழுக்கக் கற்றுக்கொள்ளும் பொறுமை உள்ளவருக்கு இதுவே சிறந்த இறக்கை என்று சொல்வேன்.

பால்சா அழகு. கன மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ என்ற அடர்த்தியில் இவ்வளவு விறைப்பு வேறு மரத்தில் அரிது. ஆனால் விலா விலாவாக வெட்டி, ஒட்டி, மேலே உறை போர்த்தி முடிக்கப் பல மாலைகள் போகும். அது சில்லு சில்லாகச் சிதற ஒரு நொடி போதும். பறக்கக் கற்றுக்கொண்ட பிறகு பார்க்கலாம்.

நெளி பிளாஸ்டிக் விளம்பரப் பலகைகளில் பார்க்கும் பொருள். நனையாது, எளிதில் உடையாது. ஸ்பாட் என்ற பெயரில் இதற்கென்றே ஒரு விமான மரபு உண்டு. 4 மி.மீ. தாள் அட்டையைவிடவும் கனமானது, பாலிபுரோப்பிலீன் என்பதால் பசையும் சரியாகப் பிடிக்காது. வேகமாகப் பறந்து முட்டி மோதி விளையாடுபவர்களுக்கு ஏற்றது. முதல் விமானத்துக்கு வேண்டாம்.

விழுந்த பின் நடப்பதையும் பார்த்துவிடலாம். ஃபோம் சுத்தமாக உடையும், ஒட்டினால் பழையபடி வரும். அட்டை உடையாது, மடியும். மடிந்த கோடு என்றைக்கும் பலவீனமான கோடாகவே இருக்கும். அங்கே ஒட்டுப் போட்டு எடை ஏற்றுவதைவிடப் புதிய பக்கப்பலகை வெட்டுவது மேல்.

இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான ஐலரான் வேண்டுமா, வாலில் பக்கவாட்டில் திருப்பும் சுக்கானும் மேலும் கீழும் அசைக்கும் எலிவேட்டரும் போதுமா என்ற விவாதத்தில் இந்த வகை விமானத்துக்குப் பதில் தெளிவு. இறக்கைகளை லேசாக மேல்நோக்கி வளைத்துச் சுக்கானால் திருப்புங்கள். நீண்ட அட்டை ஐலரான் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், ஒரு சர்வோவும் கூடும்.

ஆகவே என் தேர்வு: அட்டை உடல், தெர்மோகோல் அல்லது ஃபோம் இறக்கை, ஃபோம் வால். எடை மையம் இறக்கை அகலத்தின் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள்.

கையில் அட்டை மட்டுமே இருக்கிறது, பறக்கவும் ஓரளவு தெரியும் என்றால் வால் இல்லாத டெல்டாவுக்குப் போங்கள். 60 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகல முக்கோணத்தின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். ஒற்றைத் தாளில் 120 கிராம்தான். எல்லாம் சேர்த்து 450 கிராம் என்றாலும் சதுர டெசிமீட்டருக்கு 19 கிராம், அதாவது மேலே சொன்ன ஃபோம் விமானத்தைவிடக் குறைந்த பாரம். தட்டையான தாள் என்பதால் பேட்டரியை வாரி இறைக்கும், சட்டென்று புரளும், தூரத்தில் போனால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது. எடை மையத்தை மூக்கிலிருந்து 26 செ.மீ. தூரத்தில் வைத்து, பின்விளிம்புக் கட்டுப்பாட்டுத் தகடுகளைச் சில மில்லிமீட்டர் மேல்நோக்கி நிறுத்தி, மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது கிடைமட்டத்துக்குச் சற்று மேலாக எறியுங்கள்.