எதைத் தடை செய்வது: தோற்றத்தையா, இயக்கத்தையா, ஆளையா?

ரூகர் நிறுவனத்தின் மினி-14 துப்பாக்கியையும் ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கி ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மரக்கட்டை பொருத்திய முன்னது பண்ணை வீட்டுச் சுவரில் மாட்டி வைக்கும் வேட்டைத் துப்பாக்கியாகவும், கறுப்பு நிறத்துப் பின்னது நேரே போர்முனையிலிருந்து வந்ததாகவும் தோன்றும். ஆனால் இரண்டும் சுடுவது ஒரே .223 தோட்டாவைத்தான். இரண்டிலும் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாய்கிறது, அடுத்த தோட்டா தானாக ஏறி நிற்கிறது; அரைத் தானியங்கி என்பது இதைத்தான். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசின் தீர்ந்ததும் கழற்றி வேறொன்றை மாட்ட இரண்டிலும் சில விநாடிகள் போதும். 1994-இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு கொண்டுவந்த சட்டம் கோல்ட் ஏ.ஆர்-15-ஐப் பெயர் சொல்லித் தடை செய்தது. மடக்குக் கட்டை (மடக்கக்கூடிய தோள்கட்டை) இல்லாத மினி-14-ஐ விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1989 டிசம்பரில், மான்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களைக் கொன்றவன் கையில் இருந்தது மினி-14. 2011-இல் நார்வேயின் உட்டோயா தீவில் 69 பேரைக் கொன்றவன் ஒரு கைத்துப்பாக்கியோடு சேர்த்துக் கொண்டுபோனதும் அதே வகைத் துப்பாக்கிதான்.

ராணுவ பாணித் துப்பாக்கிகளைத் தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் வாதத்தில் தடைக்கும் உரிமைக்கும் இடையே மட்டுமே போட்டி இருப்பதாக ஒரு தோற்றம் உண்டு. உண்மையில் சட்டம் கோடு போடக்கூடிய இடங்கள் நான்கு: துப்பாக்கியின் புற உறுப்புகள், அதன் இயங்குமுறை, மேகசினின் கொள்ளளவு, வாங்கும் ஆளின் தகுதி. நான்கையும் ஏதேனும் ஒரு நாடு நடைமுறையில் செய்து பார்த்திருக்கிறது. ஆகவே ஊகத்தில் பேச வேண்டிய தேவை அதிகம் இல்லை.

முதலில் புற உறுப்புகளை வைத்துத் தடுக்கும் வழி. 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் ஐந்து பேர் கொல்லப்பட்ட பிறகு, அம்மாநிலம் நாட்டிலேயே முதல் தடைச் சட்டத்தை இயற்றியது. கூட்டாட்சிச் சட்டம் 1994 செப்டம்பர் 13 அன்று கையொப்பமாகி, பத்தாண்டு ஆயுள் முடிந்து 2004-இல் அதே தேதியில் காலாவதியானது. குறிப்பிட்ட சில மாடல்களைப் பெயரால் தடை செய்ததோடு, மேகசினைக் கழற்றக்கூடிய நீள்துப்பாக்கியில் மடக்குக் கட்டை, தனித்து நீளும் கைப்பிடி, கத்தி பொருத்தும் கொக்கி, குழல் முனையில் தீயொளியை அடக்கும் குழாய், கையெறி குண்டு ஏவும் அமைப்பு ஆகியவற்றுள் இரண்டு இருந்தால் அதுவும் தடைக்குள் வரும் என்றது. தயாரிப்பாளர்கள் செய்தது எளிமையானது: கத்திக் கொக்கியை நீக்கினார்கள், தீயொளிக் குழாயை எடுத்தார்கள், பெயரை மாற்றினார்கள், அதே இயந்திரத்தை அதே விலைப்பட்டியலில் விற்றார்கள். கலிஃபோர்னியாவில் இது இன்னும் நுட்பமாக நடந்தது. ‘கருவி கொண்டு மட்டுமே கழற்றக்கூடிய மேகசின் நிலையானதாகக் கருதப்படும்’ என்று விதியில் ஓர் இடைவெளி இருந்ததால், ஒரு தோட்டாவின் முனையை நுழைத்து அழுத்தினால் மேகசின் விடுபடும் சிறு பொத்தான் சந்தைக்கு வந்தது; அதன் பெயரே தோட்டாப் பொத்தான். அந்த ஓட்டையை அடைக்க 2016 வரை ஆயிற்று.

இந்த வழியின் பலவீனத்துக்குக் கொடுமையான சான்று கனெக்டிகட். 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது அம்மாநிலத்தில் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. கொலைக்குப் பயன்பட்ட புஷ்மாஸ்டர் துப்பாக்கி அந்தச் சட்டத்தின்படி விற்கத் தகுந்த ஒன்று. மேகசின் அளவுக்கு அப்போது அங்கே வரம்பு இருக்கவில்லை. 30 தோட்டா மேகசின்களைக் கொண்டு ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 154 முறை சுடப்பட்டது.

நியூசிலாந்தும் இதே பாதையில் போய்த்தான் திரும்பியது என்பது பலருக்கு நினைவில் இல்லை. 1990-இல் அராமோவானாவில் 13 பேர் கொல்லப்பட்ட பின், 1992-இல் அந்நாடு ‘ராணுவ பாணி அரைத் தானியங்கி’ என்று ஒரு தனி வகுப்பை உண்டாக்கி, அதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்றது. 7 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் பொருத்தினால் துப்பாக்கி அந்த வகுப்புக்குள் போய்விடும். சிறிய மேகசினோடு இருக்கும்வரை சாதாரண உரிமம் போதும். பெரிய மேகசினைத் தனியாக வாங்குவதற்கோ உரிமமே தேவையில்லை. 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் சாதாரண உரிமத்தில் துப்பாக்கியையும் தனியே மேகசினையும் வாங்கியிருந்தான். இருபத்தேழு ஆண்டுகளாகத் திறந்தே கிடந்த கதவு அது.

அதற்குப் பிறகு அந்நாடு இரண்டாவது வழிக்கு, இயங்குமுறையையே தடை செய்யும் வழிக்கு மாறியது. நாடாளுமன்றத்தில் 2019 ஏப்ரல் 10 அன்று 119 வாக்குகள் ஆதரவாகவும் ஒரே ஒரு வாக்கு எதிராகவும் விழுந்தன. டிசம்பர் முடிவதற்குள் ஏறத்தாழ 56,000 துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. ஆனால் மொத்தம் எத்தனை இருந்தன என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியவில்லை. சாதாரண நீள்துப்பாக்கிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யும் முறையை 1980-களிலேயே கைவிட்டிருந்தார்கள். எத்தனை இருந்தன என்பதே தெரியாதபோது, திரும்பி வந்தது பெரும்பகுதியா சிறுபகுதியா என்று எப்படிச் சொல்வது?

இந்த வழியின் முழுமையான உதாரணம் ஆஸ்திரேலியா. டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரல் 28 அன்று 35 பேர் கொல்லப்பட்டனர். பன்னிரண்டாவது நாள், மே 10 அன்று, எல்லா மாநிலங்களும் தேசிய உடன்படிக்கைக்கு ஒப்புக்கொண்டன. அரைத் தானியங்கி நீள்துப்பாக்கிகள் பொதுமக்களுக்கு ஏறக்குறைய முற்றிலும் மறுக்கப்பட்டன. ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் வாங்கி அழிக்கப்பட்டன; செலவை ஈடுகட்ட மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு 0.2 விழுக்காட்டுப் புள்ளி உயர்த்தினார்கள். அதைச் செய்தவர் ஜான் ஹோவர்ட் என்ற வலதுசாரிப் பிரதமர் என்பதையும், விக்டோரியாவின் சேல் நகரத்தில் துப்பாக்கி உரிமையாளர்களின் கூட்டத்தில் அவர் கோட்டுக்குள் குண்டு துளைக்காத சட்டை அணிந்து பேசினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் எல்லாம் சுமுகமாக நடந்ததாக இப்போது பேசப்படுவது சரியில்லை. உடன்படிக்கையின் ஆழமான பகுதி தடையைவிட மற்றொன்று என்பது என் கணிப்பு: துப்பாக்கி வாங்குபவர் தகுந்த காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு என்பது அத்தகைய காரணமாகாது, வாங்குவதற்கு 28 நாள் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவாக வேண்டும். துப்பாக்கியால் நேரும் தற்கொலைகள் அதற்குப் பின் குறைந்தன; கொலைகள் முன்பிருந்தே குறைந்துவந்ததால், குறைவில் எவ்வளவு சட்டத்தின் பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இதை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுபோகலாமா? துப்பாக்கித் தொழில்துறையின் சொந்த மதிப்பீட்டின்படி அங்கே ஏ.ஆர் போன்ற துப்பாக்கிகள் 2 கோடிக்கு மேல் இருக்கின்றன. கூட்டாட்சிப் பதிவேடு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் இரண்டாவது சட்டத்திருத்தம் இருக்கிறது. 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்றும், பொதுப் பயன்பாட்டில் உள்ள ஆயுதங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு என்றும் சொன்னது. அதே தீர்ப்பு அந்த உரிமை வரம்பற்றதல்ல என்றும் எழுதியது. 2022-இன் புரூவென் தீர்ப்போ, ஒரு கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று அளவுகோலையே மாற்றியது. ஆக, 2 கோடிக்கு மேல் மக்களிடம் இருக்கும் ஏ.ஆர் வகைத் துப்பாக்கி பொதுப் பயன்பாட்டு ஆயுதமா, இல்லை ராணுவத்தின் எம்-16-க்கு நெருங்கிய உறவா என்பதே இன்றைய சட்டக் கேள்வி. கீழமை நீதிமன்றங்களில் இதற்கு இரு திசையிலும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிபதி ரோஜர் பெனிடெஸ் 2021-இல் ஏ.ஆர்-15-ஐ சுவிஸ் ராணுவக் கத்தியோடு ஒப்பிட்டுத் தடையைச் செல்லாது என்றார். மேரிலாந்தின் தடை செல்லும் என்று நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் தீர்த்தது.

உரிமையாளர் தரப்பின் வாதங்களை அவற்றின் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாதம் எண்ணிக்கை. எஃப்.பி.ஐ. கணக்குப்படி 2019-இல் ஆயுத விவரம் கிடைத்த கொலைகளில் கைத்துப்பாக்கியால் நேர்ந்தவை 6,368; எல்லா வகை ரைஃபிள்களாலும் சேர்த்து 364. துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அவற்றுக்கும் ராணுவ பாணித் துப்பாக்கிக்கும் தொடர்பு மிகக் குறைவு. 1994 சட்டத்தை மதிப்பிட்ட கிறிஸ்டோபர் கோப்பரும், தடைக்கு முன்பே இவ்வகைத் துப்பாக்கிகள் குற்றங்களில் சிறு பங்கே வகித்தன என்பதையும், தடையின் விளைவு சிறியதாகவே, ஒருவேளை அளந்து சொல்ல முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கக்கூடும் என்பதையும் 2004 அறிக்கையில் எழுதினார். இது உண்மை, தடையை ஆதரிப்பவர்கள் இதை மழுப்பக் கூடாது. ஆனால் மொத்தக் கணக்கு ஓரிடத்தில் சில நிமிடங்களில் நடப்பதை மறைத்துவிடுகிறது. 2017-இல் லாஸ் வேகாஸ் ஹோட்டலின் உயர்மாடியிலிருந்து கச்சேரிக் கூட்டத்தை நோக்கிச் சுட்டவன் கைத்துப்பாக்கியோடு அந்தத் தொலைவிலிருந்து அத்தனை பேரைக் கொன்றிருக்க முடியாது. மறுபுறம், 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கைத்துப்பாக்கிகளால் மட்டுமே கொல்லப்பட்டனர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது வாதம், காவல்துறை வந்து காப்பாற்றும் என்று நம்ப முடியாது என்பது. 2022 மே 24 அன்று டெக்சாஸின் உவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்த பள்ளிக்கு, பல துறைகளைச் சேர்ந்த 376 அலுவலர்கள் வந்து சேர்ந்தனர். வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடங்கள் ஆயின. உரிமையாளர்கள் இதைத் தங்கள் சான்றாகக் காட்டுவார்கள். உள்ளே இருந்தவனிடம் ஏ.ஆர் வகைத் துப்பாக்கி இருந்தது என்பதைத் தங்கள் தயக்கத்துக்குக் காரணமாக அலுவலர்கள் சிலர் சொன்னார்கள். எதிர்த்தரப்பு அதைத் தன் சான்றாகக் காட்டும். ஒரே நிகழ்வு இரண்டு வாதங்களையும் தாங்கி நிற்கிறது, எந்த ஒன்றையும் பொய்யாக்காமல்.

மூன்றாவது, பதிவேடு வந்தால் பறிமுதல் பின்னால் வரும் என்ற அச்சம். இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. கனடாவில் ஏ.ஆர்-15 வைத்திருந்தவர்கள் முறைப்படி உரிமமும் பதிவும் பெற்றவர்கள். நோவா ஸ்கோஷியா படுகொலைக்குப் பின் 2020 மே 1 அன்று ஏறத்தாழ 1,500 மாடல்களை அரசு ஒரே ஆணையில் தடை செய்தது, நாடாளுமன்ற வாக்கெடுப்பு இல்லாமல். சட்டத்தை மதித்துப் பதிந்தவர்களே முதலில் அகப்பட்டார்கள். திரும்பப் பெறும் திட்டமோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

மூன்றாவது வழியான மேகசின் வரம்பைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் கோப்பரின் ஆய்வு கூடுதல் எதிர்பார்ப்பு வைத்தது இதில்தான். 2011-இல் அரிசோனாவின் டூசானில் 6 பேரைக் கொன்று நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸைப் படுகாயப்படுத்தியவன், 33 தோட்டா மேகசின் தீர்ந்து அடுத்ததை மாட்ட முயன்ற இடைவெளியில்தான் அருகில் இருந்தவர்களால் மடக்கப்பட்டான். கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி என்ற வேறுபாடு இங்கே பொருட்டில்லை; இந்த வரம்பு இரண்டையும் தொடும். குறை என்னவென்றால், மேகசின்களுக்குப் பொதுவாக வரிசை எண் இல்லை, ஏற்கெனவே விற்றவை எங்கே என்று யாருக்கும் தெரியாது. 2019-இல் கலிஃபோர்னியாவின் 10 தோட்டா வரம்பை ஒரு தீர்ப்பு சுமார் ஒரு வாரம் மட்டும் நிறுத்தி வைத்தபோது, மக்கள் குவிந்து வாங்கித் தள்ளினார்கள். அந்த மேகசின்கள் இன்றும் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக, ஆளைச் சோதிக்கும் வழி. சுவிட்சர்லாந்தில் படைச் சேவையில் உள்ளவர்கள் ராணுவத் துப்பாக்கியையே வீட்டில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க உரிமையாளர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் நாடு அது. 2019 மே மாத வாக்கெடுப்பில் அந்த மக்கள் சுமார் 64 விழுக்காடு ஆதரவோடு விதிகளை இறுக்கினார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. பெரிய மேகசின் உள்ள அரைத் தானியங்கியை வாங்கும் விளையாட்டு வீரர், ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் தாம் சங்க உறுப்பினர் என்றோ, தவறாமல் சுட்டுப் பழகுகிறார் என்றோ காட்ட வேண்டும். அமெரிக்காவிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு: விசையை இழுத்துப் பிடித்தால் தொடர்ந்து சுடும் முழுத் தானியங்கிகளை 1934 சட்டம் தடை செய்யவில்லை, பதிவும் 200 டாலர் வரியும் விதித்தது, 1986-இல் புதியவற்றைப் பொதுமக்களுக்கு மூடியது. பதிவான அத்தகைய துப்பாக்கிகள் குற்றங்களில் தலைகாட்டுவது மிக அரிது. பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த பின், துப்பாக்கி உரிமையின் கோட்டையான ஃபுளோரிடாவே 2018-இல் வாங்கும் வயதை 21 ஆக்கி, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்கவும் வழி செய்தது.

நான்கையும் எடைபோட்டால், புற உறுப்புகளை எண்ணும் தடைதான் எல்லாவற்றிலும் மோசமானது என்பேன். உரிமையாளரைச் சீண்டுகிறது, கொலையாளியைத் தடுப்பதில்லை. இயங்குமுறைத் தடை உண்மையான தடை. ஆனால் அதற்குப் பதிவேடும், தற்காப்பைக் காரணமாக ஏற்காத சட்டமும், இழப்பீட்டுக்குப் பணமும் அடித்தளமாக வேண்டும், இவற்றுள் முதல் இரண்டு அமெரிக்காவில் இல்லை. எஞ்சுவது மேகசின் வரம்பும் ஆளின் தகுதியும் சேர்ந்த வழி.

கொலராடோ தட்டுத்தடுமாறி அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. 2013 முதல் 15 தோட்டா வரம்பு அங்கே உண்டு. கழற்றக்கூடிய மேகசின் உள்ள அரைத் தானியங்கிகள் பலவற்றின் விற்பனையை நிறுத்துவதாகத் தொடங்கிய மசோதா, திருத்தங்களுக்குப் பின், ஷெரிஃப் எனப்படும் வட்டாரக் காவல் தலைவரின் தகுதி அட்டையும் பயிற்சி வகுப்பும் முடித்தவர் வாங்கலாம் என்று 2025 ஏப்ரலில் சட்டமாகி, 2026 ஆகஸ்டில் நடைமுறைக்கு வரும்படி அமைந்தது. ஏற்கெனவே வீடுகளில் உள்ள துப்பாக்கிகளை அது தொடவில்லை. மேரிலாந்தின் தடை மீதான மேல்முறையீட்டை ஏற்க 2025 ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தாலும், ஓரிரு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எடுத்தாக வேண்டும் என்று நீதிபதி கேவனா தனியே எழுதி வைத்திருக்கிறார். அப்படி எடுக்கும் வழக்கு தடைக்கு எதிராகப் போனால் முதலில் விழுவது மேரிலாந்து போன்ற மாநிலங்களின் தடைகள். தகுதி அட்டையை வீழ்த்த வழக்கறிஞர்கள் வேறொரு வாதத்தைத் தேட வேண்டியிருக்கும்.