சர்ஜ் எக்ஸ்டி: காசு வேண்டாம், லெவல் மட்டும் நம்ம பொறுப்புங்க

நோம்பிக் கச்சேரிக்கு லேப்டாப்பும் மிடி கீபோர்டுமாகப் போகிறவர்களுக்கு, காசு கொடுத்து வாங்கும் சிந்தசைசர்களோடு தாராளமாகப் போட்டி போடும் மென்பொருள் இது. 2018இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. எக்ஸ்டி என்ற புதுப் பதிப்பு 2022இல் வந்தது. பேட்ச்களுக்கு, அதாவது முன்பே அமைத்து வைத்த ஒலிகளுக்கு, பஞ்சமே இல்லை. ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வம்பு லெவலில்தான், அதாவது ஒலி அளவில்தான்.

ஒலி பிறக்கும் ஆஸிலேட்டரில் யூனிசன் எண்ணிக்கையை (ஒரே சுரத்துக்கு எத்தனை நகல் என்பதை) ஏற்றினால், அதற்கேற்ப வர்க்கமூலக் கணக்கில் ஒலியை அதுவே குறைத்துக்கொள்கிறது. விரலால் அழுத்தும் சுரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எல்லாவற்றையும் அப்படியே கூட்டிவிடும். 8 சுரம் சேர்ந்தால் சராசரியாக 9 டெசிபல் ஏறும். அலைமுகடுகள் ஒரே நொடியில் ஒத்துப்போனால் 18. பெடலை மிதித்தபடி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்றும்போது பழைய 4 சுரம் அடங்குவதற்குள் புது 4 வந்து உட்காரும். அங்கேதான் "கர்ர்"ரென்று கிழியும். மைக்செட்காரர் ஸ்பீக்கரைச் சந்தேகப்படுவார், பாவம். அவர் மிக்ஸரில் ஃபேடரை (ஒலி அளவுத் தள்ளுபிடியை) இறக்கினால் கர்ரும் சேர்ந்து சின்னதாகுமே தவிர, போகாது.

மெயின் வால்யூமில் வலது கிளிக் செய்தால் ஹார்ட் கிளிப் (எல்லை தாண்டும் அலையை வெட்டிவிடுவது) தேர்வு வரும். +18 டெசிபலில் இருந்தால் ஃபீட்பேக் (வெளிவந்த ஒலி திரும்ப உள்ளே போவது) தறிகெட்டு ஓடும்போது காப்பாற்றும், டிஜிட்டல் உச்சவரம்பான 0 தாண்டுவதைத் தடுக்காது. 0இல் வைத்தால் முகட்டைத் தட்டையாக வெட்டும், அதுவும் கிளிப்பிங்தானே! உள்ளே கணக்கு ஃப்ளோட்டில் (தசமப் புள்ளி எண்களில்) ஓடுவதால் 0 தாண்டினாலும் அங்கே சேதமில்லை. ஒலியை வெளியே அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள் நுழையும்போதுதான் உடைகிறது. அதனால் அதற்கு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும்.

எங்கே இறக்குவது என்பதுதான் முக்கியம். ப்ரீ-ஃபில்டர் கெய்னை (ஃபில்டருக்கு முந்தைய ஒலி அளவை) தொட்டால், அலையின் வடிவத்தை மாற்றும் வேவ்ஷேப்பருக்குப் போகும் அளவு மாறி, பேட்ச்சின் குணமே மாறிவிடும். விசிஏ கெய்ன் என்ற ஒலி அளவுக் குமிழ் அதற்குப் பிறகு வருவது, பெரும்பாலும் அதுவே போதும். எஃபெக்ட் வரிசையில் டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே ஒலியைக் கரகரப்பாக்குவது) இருந்தால் மட்டும் அதையும் விட்டுவிட்டு மெயின் வால்யூமுக்குப் போங்க. ஒரு சுரத்தை முழு வேகத்தில் அடித்தால் மீட்டர் −20 காட்டட்டும். பிறகு இரண்டு கையும் பெடலுமாக வாசித்துப் பாருங்க; −6ஐத் தாண்டக்கூடாது. ரெசொனன்ஸ் (ஃபில்டர் ஒரு அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டுவது) ஏற்றிய பேட்ச் என்றால் ஃபில்டர் குமிழை முழுக்கத் திருகியும் பார்க்க வேண்டும், நடுவில் ஏதாவது ஒரு சுரம் துள்ளும்.

ஃபேக்டரி பேட்ச்கள் ஒன்றுக்கொன்று சத்தத்தில் ஒட்டவே மாட்டேன்கிறது, இதுதான் பெரிய எரிச்சல். பாட்டுக்குப் பாட்டு மாற்றுகிறவர்கள் வேண்டியதை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, தனிப் பெயரில் சேமித்துக்கொள்ள வேண்டியதுதான். பாலிஃபனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கை, 64 வரை போகும். மேடைக்கு 16 தாராளம்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் கர்ர் கேட்டால் கேபிளைப் பாருங்க. லைன் அவுட்டை நேராக மைக் இன்புட்டில் சொருகியிருப்பார்கள். நடுவில் லைன் ஒலியை மைக் அளவுக்கு இறக்கும் டிஐ பாக்ஸ் போடுங்க, இல்லையென்றால் மிக்ஸரில் உள்வரும் ஒலியைக் குறைக்கும் பேட் பொத்தானை அமுக்குங்க.