காறை என்பு எந்தப் பக்கம்?

உடற்கூற்றியல் படிக்க மாதிரி எலும்புகள் அடங்கிய எலும்புப் பெட்டி வாங்குவதா, போனில் இருக்கும் முப்பரிமாணச் செயலியே போதுமா? முதலாம் ஆண்டுக்கு வந்திருக்கும் தங்கைமார் இருவர், மட்டக்களப்பு கல்லடியில் நான் தங்கியிருக்கும் அறைக்குப் போன வாரம் வந்து இதைக் கேட்டார்கள். இரண்டையும் வைத்துப் படித்தவள் நான். என் பதில் பெட்டிதான்; அதிலும் வலம், இடம் இரண்டு பக்க எலும்புகளும் உள்ள முழுப் பெட்டி.

பெயர்களைப் பாடமாக்குவது பெரிய வேலையில்லை. வளர்ந்தவர் உடலில் 206 எலும்புகள். அவற்றில் 106 இரு கைகளின் மணிக்கட்டிலும் அதற்குக் கீழும், இரு பாதங்களிலுமே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் எங்கே நேரம் செலவழிக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். இதற்கு ஒரு சுவர்ப்படம் போதும், செயலியும் போதும். விலை, இடவசதி பற்றியும் விரிவாகச் சொல்லத் தேவையில்லை: செயலி மலிவு, பெட்டி கட்டிலுக்கடியில் இடம் பிடிக்கும்.

நான் முதலில் செலவில்லாத வழியில்தான் போனேன். மூத்த மாணவியான ஓர் அக்கா தன் பெட்டியை இரவல் தந்தார். அது அரை வன்கூடு, அதாவது பாதி எலும்புக்கூடு: மண்டையோடு, முள்ளந்தண்டு, ஒரு கை, ஒரு கால். கையும் காலும் வலது பக்கம். மிச்சத்தைப் போனில் பார்த்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் எல்லாப் பெயரும் வாயில் நின்றன. பிறகு எலும்பு அடையாளம் காணும் தேர்வு வந்தது. மேசைக்கு மேசை ஓர் எலும்பு. மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். மூன்றாவது மேசையில் காறை என்பு, அதாவது கழுத்தடியில் மார்பிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு, தலைகீழாகக் கிடந்தது. பெயரை உடனே எழுதினேன். பக்கம்? "வலது" என்று எழுதினேன். அது இடது.

அன்று இரவே காரணம் விளங்கிவிட்டது. நான் காறை என்பைப் படிக்கவில்லை. அக்காவின் பெட்டியில் இருந்த அந்த ஒரு துண்டைத்தான் படித்திருக்கிறேன். செயலியும் உதவவில்லை. அதில் எந்த எலும்பைத் தொட்டாலும் அது உடலில் இருக்கும் நிலையில், நேராக, பக்கத்தின் பெயரோடு வந்து நிற்கும். மேசையில் கவிழ்ந்து கிடக்கும் எலும்பை அது ஒருபோதும் காட்டுவதில்லை. பக்கத்தை நான் தீர்மானிக்க வேண்டிய இடத்தில் செயலியே தீர்மானித்துத் தந்துவிடுகிறது.

காறை என்பின் பக்கத்தைச் சொல்ல மூன்று விடயங்கள் சேர வேண்டும். பருத்த முனை மார்புப்பட்டையை நோக்கியது, தட்டையான முனை தோளை நோக்கியது. உள்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கி வளைந்திருக்கும். கீழ்ப்பரப்பில், தோள் முனைக்கு அருகே ஒரு சிறு புடைப்பு விரலில் தட்டுப்படும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் வலமும் இடமும் மாறிவிடும். இரண்டு பக்கத்துத் துண்டுகளையும் கையில் எடுத்து, ஒவ்வொன்றாக என் கழுத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தபோதுதான் இது மனதில் பதிந்தது. பொருந்தாத துண்டைத் தோள் ஏற்றுக்கொள்ளாது.

அதனால் மூன்று பேர் பங்குபோட்டு பிளாஸ்டிக் முழுப் பெட்டி ஒன்றை வாங்கினோம். மாரி மழையில் மின்சாரம் போன இரவுகள்தான் எங்களுக்கு நல்ல பாடவேளை. சந்தைக்குக் கொண்டுபோகும் துணிப்பைக்குள் எலும்புகளைப் போட்டுக் கலக்கி, ஒருத்தி கையை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும். வெளியே எடுக்காமலே பெயரையும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்கையில் இரண்டு எலும்புகள்: பெருவிரல் பக்கம் ஆரை, சுண்டுவிரல் பக்கம் அரந்தி. ஆரை என்பின் தலை மேல்முனையில் வட்டத் தட்டுப் போல் இருக்கும்; அரந்தியின் தலையோ கீழ்முனையில். விரல் இதைக் கண்ணைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. கடைசிவரை எங்களைப் படாத பாடு படுத்தியது கணைக்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு.

பிளாஸ்டிக்கின் குறைகளும் உண்டு. வார்ப்பு மழுங்கியிருந்தால் நுண்ணிய பள்ளங்கள் காணாமல் போகும். எங்கள் பெட்டியின் புயவென்பில், அதாவது மேற்கை எலும்பில், ஆரை நரம்பு ஓடும் தவாளிப்பு கிட்டத்தட்ட இல்லை. மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் கம்பியில் கோத்தே வந்தன, ஒன்றோடொன்று தொடும் முகங்களைப் பார்க்க முடியவில்லை. கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். கீழ்த்தாடையின் சுருள்கம்பியும் மண்டையோட்டு மூடியின் கொக்கியும் ஓராண்டுக்குள் துருப்பிடித்தன. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். தசை தொடங்கும் இடத்தைச் சிவப்பிலும் போய்ச் சேரும் இடத்தை நீலத்திலும் எழுதி, பிழைத்தால் ஸ்பிரிட்டால் அழித்துவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

உண்மையான மனித எலும்புகளை ஆய்வுகூடத்தில் சில மணி நேரமே தொட்டிருக்கிறேன். அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். குருதிக்குழாய் நுழையும் சிறு துளையை அங்கேதான் முதன்முதலில் தெளிவாகக் கண்டேன். வாய்ப்புக் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றைத் தொட்டுப் படியுங்கள். ஆனால் ஒரு மனிதருடைய எலும்பைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மம்மாவும் அதைக் கேட்டு முகம் வாடினார்.

மூட்டுகளுக்கு வரும்போது என் சாய்வு குறைகிறது. இங்கே செயலிதான் முன்னே நிற்கிறது. வெறும் எலும்புகளைப் பொருத்தி வைத்தால் இடுப்பின் பந்துக்கிண்ண மூட்டு ஓரளவு விளங்கும், ஏனென்றால் கிண்ணம் ஆழமானது. தோளின் கிண்ணமோ ஆழமில்லாதது. தசைகளும், எலும்பை எலும்போடு கட்டும் நார்களான இணையங்களும் பிடித்திருப்பதால்தான் அங்கே பந்து நிற்கிறது. பெட்டியில் அவை இல்லை. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் இரண்டு இணையங்களையும் அப்படித்தான் திரையில் கண்டேன்.

ஆனால் செயலியைத் திறப்பதற்கு முன் உங்கள் கையையே பாருங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, மறுகையால் அதன் எலும்பைப் பிடித்துக்கொண்டு, போத்தல் மூடியைத் திருகுவதுபோல் உள்ளங்கையைத் திருப்புங்கள். பிடித்திருக்கும் அரந்தி ஏறக்குறைய அசையாது; ஆரை அதன் மேலாகக் குறுக்கே போகும். பெட்டியின் இரண்டு எலும்புகளையும் அப்படியே குறுக்காக வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

தங்கைமாருக்கு நான் சொன்னது: கடையில் காசைக் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து, காறை என்பு இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பெட்டியை இப்போதைக்கு விற்க மாட்டோம். சனிக்கிழமைகளில் வந்தால் துணிப்பையும் தயாராக இருக்கும்.