பால்மாத் தேத்தண்ணியை நிறுத்துவதா, ஊசிக்குப் போவதா?

சோறு நெஞ்சுக்குள் அடைக்கிறது, தண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் சொல்வது "காஸ்ரைற்றிஸ்". சிலருக்கு அது ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சி. எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத்துணுக்கில், நுணுக்குக்காட்டியின் ஒரு பார்வைப் புலத்தில் 15 ஈயோசினோஃபில் கலங்களாவது (ஒவ்வாமையில் பெருகும் ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்) இருந்தால் இந்த நோயைச் சந்தேகிப்பார்கள்.

மலிவான வழி, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் குளிசை. பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கேட்கும்.

அடுத்தது சாப்பாடு. பால், கோதுமை, முட்டை, சோயா, கச்சான் போன்ற கொட்டைகள், மீன் வகை என ஆறையும் விலக்குவது பழைய முறை. பாணும் போய் மீனும் போனால் எங்கள் அடுப்பில் என்ன மிஞ்சும்? 2023இல் வெளியான ஆய்வில் ஆறையும் விலக்கிய பெரியவர்களில் 40 வீதத்தினருக்கும், விலங்குப் பாலை மட்டும் விலக்கியவர்களில் 34 வீதத்தினருக்கும் அழற்சி அடங்கியது. பெரிய வித்தியாசமில்லை. ஆகவே பாலிலிருந்து தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தேங்காய்ப்பால் இந்தக் கணக்கில் வராது; சொதியும் அரிசிமாப் புட்டும் தப்பிவிடும். பால்மா, தயிர், பட்டர், பால் கலந்த பிஸ்கட் எல்லாம் போகவேண்டும்.

தொய்வுக்குப் பாவிக்கும் ஸ்ரெரொயிட் பம்ப் மருந்தை உள்ளிழுக்காமல் விழுங்குவதும் நல்ல பலன் தரும். வாயில் வெண்படலம் வரலாம்.

டூப்பிலுமாப் ஊசி வேறு ரகம். ஐஎல்-4, ஐஎல்-13 என்னும் இரு ஒவ்வாமைச் சமிக்ஞைகளையும் தொடக்கத்திலேயே மறிக்கிறது. அமெரிக்காவில் 2022 மே மாதம் இந்நோய்க்கு அனுமதி கிடைத்தது. 2024இல் குறைந்தது 15 கிலோ நிறையுள்ள சிறுவர்களுக்கும் விரிந்தது. கிழமைக்கு 300 மில்லிகிராம் போட்டவர்களில் 24 கிழமையில் ஏறத்தாழ 60 வீதத்தினருக்கு அழற்சி தணிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 5 வீதம்தான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போட்டபோது கலங்கள் குறைந்தன, விழுங்கும் சிரமம் போதியளவு குறையவில்லை. செலவை மிச்சம்பிடிக்க இடைவெளியை நீட்ட நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பென்ராலிசுமாப் என்னும் இன்னொரு ஊசி ஈயோசினோஃபில்களை அநேகமாகத் துடைத்தெறிந்தும் விழுங்கல் இலகுவாகவில்லை.

என் தெரிவு: பாலும் குளிசையும் பம்பும் தோற்றபின், அல்லது தொய்வும் தோல் அழற்சியும் சேர்ந்து வாட்டும்போது, ஊசி. பாலை நிறுத்திச் சில கிழமைகளில் மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்யாமல் "தோற்றது" என்று முடிவெடுக்கக் கூடாது.

ஊசி மருந்து 2–8 பாகையில் இருக்கவேண்டும். வெளியே, 25 பாகைக்குள், அதிகபட்சம் 14 நாள். எங்கள் வெயிலுக்கு அது போதாது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவதானால் ஐஸ் பெட்டி வேண்டும், மருந்து ஐஸில் நேரே படவும் கூடாது. உறைந்தால் எறிய வேண்டியதுதான்.